டிஜிட்டல் வானொலி: ஊருக்கு லாபமா, நஷ்டமா?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை

முன்னுரை

 

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. தொலைபேசி டிஜிட்டல் ஆயிற்று. தொலைக்காட்சி டிஜிட்டல் ஆயிற்று. இப்போது வானொலியின் வாசலிலும் வந்து நிற்கிறது. புதுமை வருகிறது, நல்லதுதானே என்று கை தட்டிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் மின்னணுவியல் படிக்கிறவன் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். இதனால் யாருக்கு லாபம்? சென்னையில் காரில் போகிறவருக்கா, நெமிலியில் நாற்று நடுகிறவருக்கா, ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவருக்கா?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்வாரிய ரசீது புரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அப்பா ஒருநாள், "இன்னாடா, ரேடியோ எல்லாம் டிஜிட்டலா ஆயிடுமாமே, நம்ம பெட்டி பாடுமா பாடாதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆயா, "பாடுறது கெடக்கட்டும். மழ வரும்னு சொல்றான், எந்த ஊருக்குன்னு சொல்ல மாட்றான். அத சொல்லுமா உன் டிஜிட்டலு?" என்றார்.

அப்பா கேட்டது கருவியைப் பற்றி. ஆயா கேட்டது நிகழ்ச்சியைப் பற்றி. யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த இரண்டும்தான். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கும் புரியும்படி இவற்றுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை ஒன்று, ஏற்றும் முறை மூன்று

வானொலி என்பது ஒரு சரக்கு வண்டி மாதிரி. உயர் அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைதான் வண்டி. அதற்கு ஊர்தி அலை என்று பெயர். நம் பேச்சும் பாட்டும் அதில் ஏற்றும் சரக்கு. சரக்கை ஏற்றும் வேலைக்குப் பண்பேற்றம் என்று பெயர். சரக்குக்கு ஏற்றபடி அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் அது வீச்சுப் பண்பேற்றம். மத்திய அலை ஒலிபரப்பு இந்த வகை. அலையின் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்தால் அது அதிர்வெண் பண்பேற்றம். நாம் பண்பலை, எப்.எம். என்று சொல்வது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை வானொலியின் முதல் அலைவரிசைக்கு 720 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் சுமார் 417 மீட்டர் வரும். பண்பலையில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 3 மீட்டர்தான். நீண்ட அலை தரையை ஒட்டித் தவழ்ந்து நெடுந்தூரம் வரும். குட்டை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும்; மலையும் பூமியின் வளைவும் அதைத் தடுத்துவிடும். சென்னை மத்திய அலை எங்கள் ஊர்த் திண்ணையில் கேட்டதற்கும், சென்னைப் பண்பலைக்கு மாடியேறி ஏரியலை இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

மூன்றாவது முறை டிஜிட்டல். இதில் ஒலியை அப்படியே ஏற்றுவதில்லை. முதலில் அதை எண்களாக மாற்றுகிறார்கள். குறுந்தகட்டின் தரத்தில் மாற்றினால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடம். மொத்தம் விநாடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். மத்திய அலையில் கிடைக்கும் ஒடுக்கமான பாதையில் சுமார் 20 ஆயிரம் பிட்தான் போக முடியும். ஆகவே காதுக்குத் தேவையில்லாததைக் கழித்து, சுமார் 70 மடங்கு சுருக்குகிறார்கள். சுருக்கியதை ஒரே ஊர்தி அலையில் ஏற்றாமல், நெருக்கமாக நிற்கும் பல சிறு ஊர்தி அலைகளில் பிரித்து ஏற்றுகிறார்கள். வழியில் சில பிட்டுகள் கெட்டுப்போனாலும் திருத்திக்கொள்ளத் தேவையான உபரி எண்களையும் கூடவே அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் இருக்கும் கருவி இவற்றையெல்லாம் சேர்த்து மறுபடி ஒலியாக்குகிறது.

இதிலேயே அப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பழைய பெட்டிக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாது. டிஜிட்டல் அலை அதன் காதில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். ஆகவே, பழைய ஒலிபரப்பும் கூடவே நடக்கிற வரைக்கும் நம்ம பெட்டி பாடும். அது நிற்கும் அன்று பெட்டியும் நிற்கும்.

நம் நாட்டில் இதுவரை நடந்தது

உலகில் டிஜிட்டல் வானொலிக்கு முக்கியமாக மூன்று முறைகள் உள்ளன. ஐரோப்பாவில் டி.ஏ.பி., அமெரிக்காவில் எச்.டி. ரேடியோ, மூன்றாவது டி.ஆர்.எம்., அதாவது டிஜிட்டல் ரேடியோ மாண்டியேல். பரந்த நாட்டை மத்திய அலையாலும் சிற்றலையாலும் எட்டி வந்த அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். முறையைத் தேர்ந்தெடுத்தது. 2009-இல் டெல்லி அருகே ஒரு சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இம்முறைக்கு வந்தது. பிறகு நாடெங்கும் சுமார் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் டி.ஆர்.எம். வசதியுடன் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னையும் திருச்சியும் அந்தப் பட்டியலில் உண்டு.

தனியார் நிலையங்களுக்கான கதை வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டிஜிட்டல் வானொலிக்குத் தெளிவான திட்டம் வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2025 அக்டோபரில் விரிவான பரிந்துரையைக் கொடுத்தது. அதன்படி ஒரு நிலையம் தன் அலைவரிசையில் பழைய முறையில் ஒரு நிகழ்ச்சியும், அதோடு டிஜிட்டலில் மூன்று நிகழ்ச்சிகளும், ஒரு தகவல் வழியும் நடத்தலாம். முதலில் இது தொடங்க வேண்டிய பெருநகரங்கள் 13. தமிழ்நாட்டிலிருந்து அதில் உள்ள ஒரே ஊர் சென்னை. வேலூர் இல்லை, ராணிப்பேட்டை, அரக்கோணம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நல்லதைச் சொல்லிவிடுவோம்

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்வது முறை.

முதலாவது, ஒலியின் தெளிவு. மத்திய அலையில் டியூப் லைட் எரிந்தாலே கரகர என்னும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, மின்சாரச் சிக்கனம். அதே பரப்பளவை எட்டுவதற்கு டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்த மின்திறன் போதும். நூற்றுக்கணக்கான கிலோவாட் சக்தியில் இரவு பகலாக ஓடும் நிலையங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, எழுத்து. பாட்டோடு கூடவே செய்தி, வானிலை, நெல் விலை எல்லாம் கருவியின் திரையில் எழுத்தாக வரும். அதுவும் நம் மொழியில் வரும். காது கேளாதவர்களுக்கும் வானொலி பயன்படும் என்பது இதனால்தான்.

நான்காவது, ஆபத்துக் கால எச்சரிக்கை. இந்த வசதியுள்ள கருவி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாலும், தயார் நிலையில் சும்மா இருந்தாலும், எச்சரிக்கை வந்ததும் தானாக அந்த ஒலிபரப்புக்கு மாறிவிடும்.

ஐந்தாவதுதான் நம் கட்டுரைக்கு முக்கியம். ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் போக முடியும். இதுவரை அலைவரிசை என்பது ஒற்றை வரிப் பாதை. இனி அது பல வரிப் பாதை. அதில் ஒரு வரியை உள்ளூருக்கு ஒதுக்கினால் என்ன என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

ஊர் வானொலி என்ன செய்யும்?

உள்ளூர் ஒலிபரப்பு என்பது புதிய ஆசை இல்லை. நம் மாநிலத்தில் வானொலியே அப்படித்தான் பிறந்தது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். பணமில்லாமல் அது 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் கேட்பதற்காகக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்த பிறகுதான் மாநகராட்சி விலகியது. டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் மட்டும் போதாது, கேட்கும் கருவிக்கும் வழி செய்ய வேண்டும் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

1960-களில் திருச்சி வானொலி, ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றித் தஞ்சை விவசாயிகளுக்கு விடாமல் சொல்லி வந்தது. எப்போது விதைப்பது, என்ன உரம், என்ன பூச்சி என்று அவர்களுடைய வயலுக்கே போய்ப் பேசியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". ஒரு வானொலிக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறு யார் கொடுக்க முடியும்? அந்த நெல் அத்தனை வயல்களுக்குப் போகக் காரணம் அலையின் தரம் இல்லை. அது கரகர என்ற மத்திய அலைதான். அந்த மண்ணைத் தெரிந்தவர்கள் பேசினார்கள் என்பதே காரணம்.

1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல் விதி தளர்ந்து தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 2008 அக்டோபர் 15 அன்று, இன்றைய தெலங்கானாவில், ஜகீராபாத் பக்கம் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை வந்தது. காற்று எப்படி, கடல் எப்படி என்று கடலுக்குப் போகிறவருக்கு அவர் பாஷையிலேயே சொல்லும் நிலையம் அது. இன்று நாட்டில் 500-க்கு மேல் சமுதாய வானொலிகள் உள்ளன.

ஒரு சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் சக்தி! கோபுரம் 30 மீட்டர். எட்டும் தூரம் ஏறக்குறைய 10 முதல் 15 கிலோமீட்டர். நெமிலியில் அப்படி ஒன்று வைத்தால் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போதும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

எங்கே இடிக்கிறது?

இத்தனை நன்மை இருந்தும் டிஜிட்டல் ஏன் வீட்டுக்கு வரவில்லை? இடிக்கிற இடங்கள் நான்கு.

ஒன்று, கருவி. சாதாரண எப்.எம். பெட்டி சில நூறு ரூபாய்க்குச் சந்தைக் கடையிலேயே கிடைக்கும். டி.ஆர்.எம். கருவிக்குப் பல ஆயிரம் ஆகும். அதுவும் தேடிப் போய் வாங்க வேண்டும். கார்களில் மட்டும் நிலைமை வேறு. மாருதி சுசுகி, ஹூண்டாய் போன்ற நிறுவனங்களின் சில மாடல்களில் டி.ஆர்.எம். கருவி பொருத்தியே வருகிறது. லட்சக்கணக்கான கார்கள் அப்படி ஓடுகின்றன. எங்கள் நெமிலி வட்டத்துப் பனப்பாக்கத்திலேயே 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கார் வைத்திருப்பவருக்கு வந்து சேர்ந்த வசதி, கார் செய்யப் போகிறவரின் வீட்டுக்கு எப்போது வரும்?

இரண்டு, விளிம்பில் இருப்பவர் கதி. பழைய முறையில் அலை பலவீனமானால் இரைச்சல் கூடும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிடலாம். டிஜிட்டலில் பிழை திருத்தும் அளவுக்கு அலை இருக்கும் வரை கண்ணாடி மாதிரிக் கேட்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் ஒன்றுமே கேட்காது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இது லாபம். எல்லையோரக் கிராமத்துக்காரர்தான் மாட்டிக்கொள்வார்.

மூன்று, பாதையின் வாடகை. எப்.எம்.மில் சின்ன நிலையத்துக்குச் சின்ன டிரான்ஸ்மிட்டர், அது அவர்களுடையது. ஐரோப்பிய டி.ஏ.பி. முறையில் பத்துப் பதினைந்து நிலையங்கள் ஒரே பெரிய அலைக்கற்றையில் இடம் வாங்கிப் போகின்றன. பத்துத் தெருவுக்குப் பேச நினைக்கும் நிலையம், பத்து ஊருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டி வரும். வாசலுக்குக் கோலம் போட ஊர்ச் சாலைக்கே வாடகை கொடுத்த கதைதான்.

நான்கு, நிகழ்ச்சி. மூன்று புதிய வழிகள் கிடைத்தால் நிலையம் அதில் என்ன போடும்? விளம்பரம் கிடைப்பது பெருநகரத்தில். ஆகவே ஒரு வழியில் புதுப் பாட்டு, ஒரு வழியில் பழைய பாட்டு, ஒரு வழியில் பக்திப் பாட்டு என்று போடுவார்கள். நானும் பாட்டு விரும்பிதான். ஆனால் பாட்டு மூன்று மடங்கானால் ஊர்ச் சேதி மூன்று மடங்காகிவிடுமா? ஆயாவின் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

வெளிநாட்டு அனுபவம்

நமக்கு முன்னால் போனவர்கள் என்ன கண்டார்கள்?

நார்வே நாடு 2017 ஜனவரியில் தொடங்கி டிசம்பருக்குள் தன் தேசிய நிலையங்களின் எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. உலகிலேயே முதன்முதலாக அப்படிச் செய்த நாடு அதுதான். மலையும் கடற்கழியும் நிறைந்த அந்நாட்டில் பழைய எப்.எம். வலைப்பின்னலைப் பராமரிக்க வெகு செலவு. அதில் 5 தேசிய நிலையங்களுக்குத்தான் இடம். டிஜிட்டலில் 22 நிலையங்களுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுமார் 200 சின்ன உள்ளூர் நிலையங்கள் எப்.எம்.மிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. நாடே மாறிய போதும் ஊர்க் குரலுக்குப் பழைய பாதையை அவர்கள் மூடவில்லை.

பிரிட்டன் வேறு வழியில் யோசித்தது. பெரிய டிஜிட்டல் பாதையின் கட்டணத்தைச் சின்ன நிலையங்கள் தாங்க முடியவில்லை. 2012-இல் பிரைட்டன் நகரில், அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆப்காமின் பொறியாளர் ஒருவர், சாதாரணக் கணினியும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருளும் கொண்டு குறைந்த செலவில் டிஜிட்டல் ஒலிபரப்பை நடத்திக் காட்டினார். 2015-இல் பத்து இடங்களில் சோதனை தொடங்கியது. 2019-இல் சட்டம் வந்தது. அதற்குச் சிறு அளவு டி.ஏ.பி. என்று பெயர். இதில் முக்கியமான அம்சம், ஒவ்வொரு சிறு பாதையிலும் சமுதாய நிலையங்களுக்கென்று இடம் ஒதுக்கி வைத்தார்கள்.

இரண்டு நாடுகளும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். டிஜிட்டல் வந்ததால் ஊர் வானொலி தானாக வளரவில்லை. வளர்ந்த இடத்தில், அதற்கென்று விதி எழுதினார்கள், இடம் ஒதுக்கினார்கள்.

எங்கள் ஊர்க் கணக்கு

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கும், மகேந்திரவாடி ஏரிக்கும் கால்வாய்கள் வருகின்றன. எந்த மடை எப்போது திறக்கும் என்பது எங்களுக்கு உலகச் செய்தியைவிடப் பெரிய செய்தி. நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கும், மின்சாரம் எந்த நேரம் நிற்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி என்றைக்கு, எந்த ஷூ கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பவையும் அப்படித்தான். கொள்முதல் நிலையம் திறந்த சேதி இரண்டு நாள் பிந்தி வந்தால், நெல்லைக் கொட்டி வைத்து மழைக்குத் தார்ப்பாய் தேடி அலைய வேண்டியதுதான்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில் பேரணாம்பட்டில் வீட்டின் மீது சுவர் இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இரவில் "வட தமிழகத்தில் கனமழைக்கு வாய்ப்பு" என்ற வரி போதாது. எந்தத் தெருக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், எந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது என்று சொல்லும் குரல் வேண்டும். டிஜிட்டல் கருவிக்குத் தானாக விழித்துக்கொள்ளும் திறமை இருக்கலாம். விழித்த பிறகு அதில் பேசுவதற்குத் தெருப் பெயர் தெரிந்த ஆள் இருக்க வேண்டாமா?

"செல்போன் இருக்கும்போது ரேடியோ எதுக்குப்பா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் சேதி வேகமாக வரும். வதந்தியும் அதே வேகத்தில் வரும். புயலில் மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் செல்போன் கோபுரமும் நின்றுவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையிலேயே அதைப் பார்த்தோம். வானொலிக்கு இரண்டு பேட்டரி போதும். செல்போனில் ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் இணைப்பு வேண்டும். வானொலியில் ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரே வேலைதான். இன்னொன்றும் உண்டு. தோல் கம்பெனியில் கை முழுக்க ஈரமும் ரசாயனமுமாக நிற்பவர்கள் போனைத் தொட முடியாது. ஆணியில் ஒரு ரேடியோவை மாட்டி வைத்தால் இருபது பேர் வேலை செய்துகொண்டே கேட்பார்கள் என்று அப்பா சொல்லுவார்.

என்ன செய்ய வேண்டும்?

எனக்குத் தோன்றும் யோசனைகளை வரிசைப்படுத்துகிறேன்.

1. மலிவான கருவி வீடு வீடாக வந்து சேரும் வரை பழைய ஒலிபரப்பை நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். நிறுத்தும் தேதியை டிரான்ஸ்மிட்டர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டில் உள்ள கருவி எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

2. டிஜிட்டலில் கூடுதலாகக் கிடைக்கும் வழிகளில் ஒன்றை மாவட்டத்துக்கு, அல்லது சமுதாய வானொலிக்கு ஒதுக்க வேண்டும். பொதுச் சொத்தான அலையை ஏலம் விடும்போது ஊருக்கு ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை.

3. டிரான்ஸ்மிட்டருக்குச் செலவழிக்கும்போதே உள்ளூர் ஒலிப்பதிவு அறைக்கும், அதில் பேசுகிற, எழுதுகிற ஆட்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பாத்திரம் பெரிதானால் மட்டும் சோறு கூடிவிடாது.

4. டிஜிட்டல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலிக்கு இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதி தருகிறது. சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்பது ஒரு குறை. ஆனாலும் உழவு, உடல்நலம், வேலைவாய்ப்பு, வானிலை, தேர்வு என்று சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

5. இது நமக்கு. டி.ஆர்.எம். ஒலிபரப்பைக் கணினியிலேயே பிரித்துக் கேட்க 'ட்ரீம்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஏற்ற ரிசீவர் ஒன்றைக் கணினியோடு இணைத்தால் போதும். நம் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்குப் பழைய தலைப்பையே திருப்பித் திருப்பி எடுக்காமல், மலிவான டிஜிட்டல் கருவி செய்வது எப்படி என்று யாராவது முயலலாம். மெக்கானிக்கல் நண்பர்கள் பெட்டி செய்யட்டும், கம்ப்யூட்டர் நண்பர்கள் தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவரட்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

முடிவுரை

டிஜிட்டல் வானொலி ஊருக்கு லாபமா, நஷ்டமா என்று கேட்டால், அது தன்னால் இரண்டும் இல்லை என்பதே என் விடை. அது ஒரு நல்ல பாதை. அந்தப் பாதையில் ஊர்க்காரனுக்கு ஓர் இடமும், ஏறிக்கொள்ள மலிவான ஒரு வண்டியும் கொடுத்தால் லாபம். பெருநகர நிகழ்ச்சியே இன்னும் தெளிவாக, இன்னும் மூன்று மடங்காக வருவதற்கு மட்டும் என்றால், நம் பழைய பெட்டி போனதுதான் மிச்சம்.

1930-இல் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தவர்களிடம் இன்றைய தொழில்நுட்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி வாங்க முடியாதவனும் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. திருச்சியில் நெல்லைப் பற்றிப் பேசியவர்களிடம் தெளிவான அலை இல்லை. வயலைப் பற்றிய தெளிவு இருந்தது. அந்த எண்ணத்தையும் தெளிவையும் இன்றைய தொழில்நுட்பத்தோடு சேர்ப்பது யார் வேலை? மின்னணுவியலும் படித்து, மடை திறக்கும் நேரமும் தெரிந்து, ஷிப்டு சங்கு ஊதும் நேரமும் தெரிந்த நம்மைப் போன்ற கிராமத்து மாணவர்களின் வேலைதான். பட்டயச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியூர் பஸ் ஏறும் முன், நம் ஊருக்காக இதை ஒருமுறை யோசிப்போம், நண்பர்களே!